விருப்பம் என்று எழுதிவிட்டேன்

அந்த விதிப் புத்தகத்தில் 41 விதிகள் இருந்தன. 17ஆவது விதியைத் தமிழாக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அறக்கட்டளையின் புத்தகம் அது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் கொண்டுவந்தால் விண்ணப்பிக்கிறவர்களுக்கும் புரியும் என்றார்கள், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். தகுதி, சான்றிதழ், பணம் வழங்கும் முறை என்று சிக்கலான விதிகளுக்கெல்லாம் அகராதிகளைப் புரட்டினேன், நண்பர்களைக் கேட்டேன், எழுதி எழுதி அடித்தேன். 17ஆவது விதி ஒற்றை வரி. கடைசி நாளுக்குப் பிறகு வரும் விண்ணப்பங்களை ஏற்பது செயலரின் டிஸ்கிரெஷனை, அதாவது நிலைமையைப் பார்த்து அவரே முடிவெடுக்கும் உரிமையைப் பொறுத்தது. 'செயலரின் விருப்பத்தைப் பொறுத்தது' என்று எழுதிவிட்டு அடுத்த விதிக்குப் போய்விட்டேன். அச்சாகி வந்தபின் படித்தபோதும் அந்த வரி உறுத்தவில்லை. பிழை எதுவும் கண்ணில் படவில்லை, படிக்கச் சரளமாகவும் இருந்தது.

உறுத்திய நாள் பிறகு வந்தது. அடுத்த பதிப்புக்கான திருத்தங்களை வாங்கிக்கொள்ள அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். செயலரின் மேசை கூடத்தின் நடுவில் இருந்தது. சுற்றிலும் மாணவர்கள், அவர்களோடு வந்த பெற்றோர்கள், எப்படியும் முப்பது நாற்பது பேர். மகளின் விண்ணப்பத்தோடு ஓர் அம்மா மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். கடைசி நாள் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

"ஏம்மா லேட்டு?"

"வீட்டுல ஒரு பிரச்சினைங்க சார்."

"என்ன பிரச்சினை?"

அவர் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பிக் கூடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு செயலரைப் பார்த்தார். "கொஞ்சம் கஷ்டமான நிலைமைங்க சார்" என்றார், முன்னைவிடத் தாழ்ந்த குரலில்.

"இங்க வர்றவங்க யாரும்மா கஷ்டமில்லாம வர்றாங்க?" என்று சொல்லிவிட்டு, செயலர் புத்தகத்தைத் திறந்து 17ஆவது விதியில் விரலை வைத்தார். "இதப் பாருங்க, என் விருப்பம்னு போட்டிருக்கு. ஒருத்தருக்கு ஏத்துக்கிட்டா எல்லாருக்கும் ஏத்துக்கணும். அதனால நான் யாருக்குமே ஏத்துக்கிறதில்ல."

அவர் விரல் வைத்த வரி என்னுடையது. பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் செயலரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பவர். ஒரு விண்ணப்பம்கூட விடுபட்டுப்போகக் கூடாது என்று இரவு வரை இருந்து சரிபார்ப்பவர். அவர் கடுமையாகப் பேசவும் இல்லை. கையில் கொடுக்கப்பட்ட வரியைக் கொடுக்கப்பட்டபடி வாசித்தார், அவ்வளவுதான்.

நான் கிளம்பி நடைவழிக்கு வந்தபோது அந்த அம்மா அங்கே நின்றிருந்தார். செயலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என்னையும் அலுவலகத்து ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். "நீங்க சொன்னா கேப்பாருங்களாய்யா?" என்று கேட்டார். பிறகு, சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, காரணத்தைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் இன்னொருவர் அதற்குப்பின் தலைநிமிர்ந்து வெளியே போயிருக்க முடியாது. இவ்வளவு மட்டும் சொல்லலாம்.

திரும்பிப் போய்ச் செயலரிடம், காரணத்தைச் சொல்லாமல், "அந்த அம்மாவைத் தனியா ஒரு நிமிஷம் கூப்பிட்டுக் கேளுங்க சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கேட்டா மனசு இளகிடும் சார். அப்புறம் எடுக்கிற முடிவு நியாயமா இருக்காது" என்றார். அந்த ஆண்டு அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை.

அந்தப் பதில்தான் என்னை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்தது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. விருப்பம் என்று ஒரு பொருளை நேர்மையான மனிதர் ஒருவர் கையில் கொடுத்தால் அவர் அதைக் கண்டு பயப்படத்தான் செய்வார். தன் விருப்பு வெறுப்புகளை நம்பாதவர் அதைப் பூட்டி வைத்துவிடுவார். விருப்பம் என்ற சொல்லுக்குள் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் எந்தக் காரணமும் தேவைப்படுவதில்லை என்பதுதான் சிக்கலே. நான் மட்டும் வேறு சொல்லை எழுதியிருந்தால்?

சல்லடை

டிஸ்கிரெஷன் என்ற சொல்லின் வேருக்குப் போனால் அங்கே விருப்பம் என்பது கண்ணிலேயே படவில்லை. லத்தீனில் 'செர்நெரே' என்றால் சலிப்பது, சலித்துப் பிரிப்பது. அதோடு, விலக்கி வைப்பதைக் குறிக்கும் 'டிஸ்' சேர்ந்து 'டிஸ்செர்நெரே' ஆனது. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் காண்பது என்று பொருள். முதலில் கிடைத்தது பிரித்தறியும் திறன். அந்தத் திறன் உள்ளவரிடம் முடிவை விடலாம் என்பதால் முடிவெடுக்கும் உரிமைக்கும், அப்படிப்பட்டவர் எதை எங்கே பேசக் கூடாது என்று அறிந்திருப்பார் என்பதால் வாய்காப்புக்கும், அதே சொல் பெயராகிவிட்டது.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் அதே சல்லடை இங்கேயும் தொங்குகிறது. விவேகம் வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேரிலும் பொருள் பிரிப்பதுதான். பகுத்தறிவு என்ற சொல்லுக்கு வேர் தேடவே வேண்டாம், பகுத்து அறிவது. 20ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஓர் இயக்கத்தின் கொடியாகிவிட்டதால் இன்று அதைக் கேட்டதும் கடவுள் மறுப்பு முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு முன்பே அந்தச் சொல்லுக்குள் பிரிக்கும் வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். தெரிதல் இன்னும் அழகு. தெரிதல் என்றால் அறிதல், தெரிதல் என்றால் தேர்ந்தெடுத்தலும்கூட. தேர்ந்தெடுக்காமல் அறிவு வராது என்பதுபோல் ஒரே சொல்லுக்குள் இரண்டும் குடியிருக்கின்றன. திருக்குறளின் பொருட்பாலில் மூன்று அதிகாரங்களின் பெயர்கள் 'தெரிந்து' என்றே தொடங்குகின்றன: தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். மூன்றுமே ஆள்கிறவனுக்குச் சொன்னவை.

சட்டத் தமிழில் டிஸ்கிரெஷனுக்குத் தன்விருப்புரிமை என்றும் தற்றுணிபு என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. முதலாவதில் நான் செய்த பிழையின் சாயல் இருக்கிறது. உரிமை என்று முடித்து அதற்கு ஒரு மரியாதை சேர்த்திருக்கிறார்கள், ஆனாலும் நடுவில் விருப்பு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. துணிபு என்றால் முடிவு. துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டிப் பிரித்த பிறகே முடிவு. எண்ணித் துணிக கருமம் என்று குறள் சொல்லும்போது, துணிவதற்கு முன் எண்ணுவதை ஒரு கட்டளையாகவே வைத்துவிடுகிறது. 'செயலரின் தற்றுணிபு' என்று எழுதியிருந்தால் விண்ணப்பத்தோடு நின்ற அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காதுதான். ஆனால் செயலர் அந்தச் சொல்லில் விரல் வைத்து 'யாருக்கும் ஏத்துக்கிறதில்ல' என்று சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். எதையும் பிரிக்காமல் மொத்தமாக மறுப்பதற்கு அதில் இடமில்லை.

இந்தப் பயம் செயலருக்கு மட்டும் உரியதல்ல, நீதிமன்றங்கள் பல நூற்றாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 1598இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஆற்றங்கரையைப் பழுதுபார்க்கும் செலவை வசூலிக்க ஆணையர்களுக்கு அதிகாரம் இருந்தது. தங்கள் டிஸ்கிரெஷன்படி செய்யலாம் என்று சட்டமே சொல்லியிருந்தது. அவர்கள் மொத்தச் செலவையும் கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒருவர் தலையில் கட்டினார்கள். வெள்ளம் வந்தால் மூழ்கக்கூடிய நிலம் வைத்திருந்த மற்றவர்களை விட்டுவிட்டார்கள். அந்த வழக்கின் குறிப்பில் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் எழுதியதன் சாரம் இது: டிஸ்கிரெஷன் என்பது உண்மையையும் பொய்யையும், சரியையும் தவறையும், நிழலையும் பொருளையும் பிரித்தறியும் ஓர் அறிவு, அவரவர் மனம்போல் நடப்பதற்கான அனுமதி ஆகாது. 1770இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு என்ற நீதிபதி, நீதிமன்றத்தின் டிஸ்கிரெஷன் விதியால் நடக்க வேண்டும், மனநிலையால் நடக்கக் கூடாது என்றார். இவை இரண்டும் 'எனக்குப் பிடித்ததைச் செய்வேன்' என்பவருக்கான பதில்கள். நம் செயலர் அந்த ரகம் இல்லை. அவருக்கான பதில் 1970இல் வந்தது.

அதுவும் உதவித்தொகை பற்றிய வழக்குதான் என்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொழில் நிறுவனங்களுக்கு முதலீட்டு மானியம் வழங்க பிரிட்டன் அரசுக்கு அதிகாரம் இருந்தது. ஒவ்வொன்றும் 25 பவுண்டுக்குக் குறைவான பொருள்களுக்கு மானியம் இல்லை என்று அதிகாரிகள் தாங்களாகவே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார்கள். வாயு தயாரித்து உருளைகளில் நிரப்பி விற்கும் ஒரு நிறுவனம் உருளை ஒன்றுக்குச் சுமார் 20 பவுண்டு வீதம், மொத்தம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவிட்டிருந்தது. மானியம் மறுக்கப்பட்டது. வழக்கு, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போய் நிறுவனம் தோற்றது. ஆனால் தீர்ப்பில் ரீட் பிரபு ஒரு கோடு கிழித்தார். டிஸ்கிரெஷன் உள்ளவர் தனக்கென்று ஒரு கொள்கை வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பங்கள் நிறைய வரும் இடத்தில் அது தேவையும்கூட. ஆனால் புதிதாக ஏதோ சொல்ல வருகிறவருக்கு எதிரே காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது. அந்த வழக்கில் அதிகாரிகள் கேட்டுவிட்டுத்தான் மறுத்தார்கள், அதனால் வென்றார்கள்.

கேட்டுவிட்டு மறுப்பதற்கும் கேட்காமலே மறுப்பதற்கும் உள்ள தூரம்தான் அன்று அந்தக் கூடத்துக்கும் நடைவழிக்கும் நடுவே இருந்த தூரம். செயலர் கேட்டுவிட்டு மறுத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான முனையும் அதே சொல்லிடம் இருக்கிறது. ஐரோப்பியப் போர்களில் முற்றுகையிடப்பட்ட கோட்டை 'டிஸ்கிரெஷனுக்குச் சரணடைந்தது' என்று எழுதுவார்கள். நிபந்தனை எதுவும் கேட்காமல், வென்றவன் கொன்றாலும் சரி விட்டாலும் சரி என்று கதவைத் திறந்துவிடுவது. அங்கே சல்லடை முற்றிலும் காணாமல்போய் வாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு சொல் அதிகாரத்தின் கையில் நெடுநாள் இருந்தால் இப்படித்தான் தேய்ந்துபோகும் போலிருக்கிறது. அது ஒழுங்காகப் பயன்படுவதை வானத்தில் பார்க்கலாம். அமெரிக்க வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் ஒரு விமானத்திடம், இன்ன உயரத்துக்கு 'பைலட் டிஸ்கிரெஷனில்' இறங்கலாம் என்பார்கள். எப்போது இறங்கத் தொடங்குவது, எவ்வளவு வேகமாக இறங்குவது, நடுவில் ஓர் உயரத்தில் சற்று நிற்பதா என்பதெல்லாம் விமானி கையில். ஆனால் விட்டு இறங்கிய உயரத்துக்குத் திரும்ப ஏறக் கூடாது, அந்த இடத்துக்கு வேறொரு விமானம் வந்துகொண்டிருக்கலாம். விமானிக்குத்தான் தன் விமானத்தின் எடையும் எதிர்க்காற்றும் அருகிலிருந்து தெரியும், அதனால் முடிவு அவரிடம் விடப்படுகிறது. அருகில் இருப்பவரிடம் முடிவை விடுவது அவர் அருகிலிருந்து பார்ப்பார் என்ற நம்பிக்கையில். பார்க்க மறுத்துவிட்டால் அந்த முடிவை அவரிடம் விட்டதற்கே பொருள் இல்லை.

குறிப்பறிதல்

மாதக்கணக்கில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அன்று கூடத்தில் டிஸ்கிரெஷன் இருந்தது யாரிடம்? விதிப்படி அது செயலருடையது. ஆனால் அதைப் பயன்படுத்தியவர் அந்த அம்மா. தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் அவர் எத்தனையைச் சலித்திருப்பார்! யார் யார் இருக்கிறார்கள், இதில் நம்மைத் தெரிந்தவர் உண்டா, சொன்னால் மகளுக்குப் பணம் கிடைக்கும், சொன்னால் வீட்டில் இன்னொருவருக்கு என்ன ஆகும், எவ்வளவு சொன்னால் போதும். 'கொஞ்சம் கஷ்டமான நிலைமைங்க' என்பது அந்தச் சல்லடையிலிருந்து விழுந்த சொல். மகளின் ஒரு வருடப் படிப்புச் செலவைப் பணயம் வைத்து இன்னொருவரின் மானத்தைக் காத்த சொல். அதைச் செயலர் மழுப்பல் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், நடைவழிக்கு வரும்வரை.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு வைத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில், இன்னொன்று காமத்துப்பாலில். ஒன்றில் அரசவையில் இருப்பவர் முகத்தைப் படிக்க வேண்டும், மற்றதில் காதலர் கண்ணைப் படிக்க வேண்டும். ஒரே தலைப்பு இரண்டு முறை வருவது அந்த நூலில் வேறெங்கும் இல்லை. அதிகாரத்திலும் அன்பிலும் ஒரே திறன் தேவைப்படுகிறது என்று நான் இதைப் படிக்கிறேன். செயலருக்குத் தேவைப்பட்டதும் இதுதான். ஒரு தலை திரும்பியதைப் பார்த்து, "இப்படி உள்ள வாங்கம்மா" என்று சொல்லும் திறன்.

ஆங்கிலத்தில் செயலரை செக்ரட்டரி என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருப்பது சீக்ரெட், இரகசியம். தலைவரின் அந்தரங்கம் ஒப்படைக்கப்பட்டவர் என்பதுதான் அதன் பழைய பொருள். சீக்ரெட்டும் அதே செர்நெரேயிலிருந்து பிறந்தது: பிரித்துத் தனியே வைத்தது. டிஸ்கிரெஷனுக்கு உடன்பிறப்பு. தமிழில் நாம் அவரைச் செயல் செய்பவராக ஆக்கிக்கொண்டோம், நல்ல சொல்தான். ஆனால் தீர்மானிக்கும் உரிமையும் இரகசியம் காக்கும் பொறுப்பும் ஏன் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன என்பது இந்த உறவைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. ஒருவரது நிலைமையைப் பகுத்துப் பார்க்க வேண்டுமென்றால் அவர் அதைச் சொல்ல வேண்டும். சொன்னது வெளியே போகாது என்ற உறுதி இருந்தால்தான் சொல்வார். வாய்காக்கத் தெரியாதவரிடம் உண்மை வந்து சேராது, உண்மை வந்து சேராதவர் எதைப் பகுப்பார்?

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவர்களை வகைப்படுத்தும்போது தலைமாணாக்கருக்கு அன்னத்தைச் சொன்னார், பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை. கடைமாணாக்கர் வரிசையில் இரண்டு பாத்திரங்கள் வருகின்றன. ஒன்று இல்லிக்குடம், ஓட்டைக் குடம், எதையும் தன்னுள் நிறுத்தாது. இன்னொன்று நெய்யரி, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி. படிப்பைப் பற்றிச் சொன்னவைதான். ஆனால் நம்பி ஒரு செய்தி சொல்லப்படும்போது நாம் யாராக மாறுகிறோம் என்று கேட்டுக்கொள்ள எனக்கு இந்த இரண்டும் போதுமாக இருக்கின்றன. ஒழுகுகிறவர்களை எளிதில் அடையாளம் கண்டு விலகிவிடலாம். நெய்யரிகள் ஆபத்தானவர்கள். இரகசியம் காக்கிறேன் என்று பிறர் குற்றத்தை நினைவில் பொத்தி வைத்துக்கொண்டு, அந்த மனிதர் பட்ட துயரத்தை மறந்துவிடுவார்கள். அதிகாரம் உள்ளவர்களின் தவறுகளை மூடி மறைப்பதற்கும் டிஸ்கிரெஷன் என்றுதான் பெயர் சூட்டுகிறார்கள். யாரைக் காக்கிறது என்று கேட்டால் போதும், அங்கே சல்லடை இல்லை என்பது தெரிந்துவிடும்.

சலிப்பது என்ற சொல் தமிழில் சோர்ந்துபோவதற்கும் ஆகிவருகிறது. நாளுக்கு நூறு விண்ணப்பம் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றையும் சலிக்கச் சலிக்கச் சலித்துத்தான் போகும். அதை மறுக்க எனக்கு மனமில்லை. 6ஆம் நூற்றாண்டில் துறவிமடங்களுக்கு விதி எழுதிய புனித பெனடிக்ட், டிஸ்கிரெஷனை நற்பண்புகளின் தாய் என்றார். மடத்தின் தலைவருக்கு அதே இடத்தில் அவர் சொன்ன எச்சரிக்கை ஒன்று உண்டு: துருவை ஒட்டச் சுரண்டுகிற ஆவலில் பாத்திரத்தை உடைத்துவிடாதே. விதியை எழுதியவரே அதைக் கையாள்பவரின் கைப்பதத்தை நம்பியிருந்திருக்கிறார்.

பதிவேட்டில் ஒரு வரி

மறுபதிப்புக்கு முன்னால் 17ஆவது விதியை மாற்றி எழுதி அறக்கட்டளைக் கூட்டத்தில் வைத்தேன். 'கடைசி நாளுக்குப் பிறகு வரும் விண்ணப்பங்களுக்கு, தாமதத்துக்கான காரணத்தைச் செயலர் தனியே கேட்டறிந்து, தகுதியைப் பகுத்துப் பார்த்து, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வார். முடிவும் காரணமும் பதிவேட்டில் எழுதப்படும்.' ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு வாக்கியம். முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டேன், இது மொழிபெயர்ப்பை மீறிய விளக்கம் என்பதையும் சொன்னேன்.

மறுப்பு வரும் என்று எதிர்பார்த்த இடம் வேறு, வந்த இடம் வேறு. தனியே கேட்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செயலர்தான் பேசினார். "காரணத்தப் பதிவேட்டுல எழுதச் சொல்றீங்களே, அந்தப் பதிவேட்ட யார் யாரு புரட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தனியா கூப்பிட்டுக் கேட்டத நாலு பேர் பாக்கிற நோட்டுல எழுதினா, அந்த அம்மா கூடத்துலயே சொல்லியிருக்கலாமே."

அவர் அந்த அம்மாவை மறந்திருக்கவில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுதாவிட்டால் செயலர் வேண்டியவருக்கு ஏற்றார் என்று நாளைக்கு யாராவது சொன்னால் என்ன காட்டுவது என்று பொருளாளர் கேட்டார். அதுவும் நியாயமான கேள்வி. காரணம் சொல்லாத அதிகாரம் மீண்டும் விருப்பமாகிவிடும், எழுதப்பட்ட காரணமோ கசியும். ஒரே சொல்லின் இரண்டு பொருள்களும் அந்த மேசையில் ஒன்றையொன்று பிடித்து இழுத்தன. ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில், காரணத்தைச் செயலரோடு உறுப்பினர்களில் இன்னும் ஒருவர் சேர்ந்து கேட்பது, இருவரும் கையெழுத்திடுவது, பதிவேட்டில் காரணத்தை எழுதாமல் முடிவை மட்டும் எழுதுவது என்று ஆயிற்று. பொருளாளருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இது போதுமா என்று தெரியவில்லை, இரண்டு பேரும் ஒரே மாதிரி நெய்யரிகளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை இருக்கிறது.

இந்த ஆண்டு புத்தகம் கொடுக்கப் போனபோது செயலரின் மேசை கூடத்திலேயே இருந்தது. பக்கத்து அறையில் இரண்டு நாற்காலிகள் புதிதாகப் போட்டிருந்தார்கள். பதிவேட்டைக் காட்டினார். தாமத விண்ணப்பங்கள் ஏழு, ஐந்து ஏற்கப்பட்டிருந்தன, இரண்டு மறுக்கப்பட்டிருந்தன. ஏழிலும் அவருடைய கையெழுத்தில் 'காரணம் கேட்டோம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கையொப்பங்கள்.